அலபாமா கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் தென்பகுதியில், டஸ்கலூசா என்ற நடுத்தர ஊரில் இருக்கிறது அலபாமா பல்கலைக்கழகம். அதன் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பெயர் கிரிம்சன் டைட். இந்த அணியின் ஆட்டங்களைப் பார்க்கத் தொடங்கும் யாருக்கும் கொஞ்ச நாளில் ஒரு வியப்பு வரும்: வீரர்களைவிட பயிற்சியாளர்களைப் பற்றித்தான் பேச்சு அதிகம். அந்தப் பேச்சைப் புரிந்துகொள்ளத் தேவையான கேள்விகளும் பதில்களும் இங்கே.

பயிற்சியாளருக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? ஆடுவது வீரர்கள்தானே?

வீரர்கள் நிலையாகத் தங்குவதில்லை. ஒரு மாணவர் பொதுவாக நான்கு பருவங்கள் ஆடலாம். நன்றாக ஆடுபவர்கள் அதற்கு முன்பே தொழில்முறை லீகான என்எஃப்எல்லுக்குப் போய்விடுவார்கள். ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் பார்க்கும் முகம் கோச்சுடையது மட்டும்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. என்எஃப்எல்லில் புதிய வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும். முந்தைய ஆண்டு மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. பல்கலைக்கழக ஆட்டத்தில் அந்த ஏற்பாடு கிடையாது. கோச்சும் அவருடைய உதவியாளர்களும் ஊர் ஊராகப் போய், பள்ளியில் படிக்கும் பையன்களின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அம்மாவிடமும் பாட்டியிடமும் பேசி, "உங்கள் பிள்ளையை என்னிடம் அனுப்புங்கள்" என்று கேட்டு அழைத்து வர வேண்டும். அணியில் யார் இருக்கிறார்கள் என்பதே கோச்சின் பேச்சையும் பெயரையும் பொறுத்தது.

அப்புறம், அலபாமா மாநிலத்தில் என்எஃப்எல் அணி கிடையாது. மாநிலமே அலபாமா, ஆபர்ன் என்ற இரண்டு பல்கலைக்கழகங்களின் பின்னால் இரண்டாகப் பிரிந்து நிற்கும். இந்த இரண்டும் மோதும் ஆட்டத்துக்கு அயர்ன் பௌல் என்று பெயர். அதில் தோற்ற கோச்சுக்கு அடுத்த ஓராண்டு நிம்மதி இருக்காது.

இதுவரை எத்தனை தேசியப் பட்டங்கள்? யார் யார் காலத்தில்?

பல்கலைக்கழகம் உரிமை கொண்டாடுவது 18. வாலஸ் வேட் காலத்தில் மூன்று (1925, 1926, 1930), ஃபிராங்க் தாமஸ் காலத்தில் இரண்டு (1934, 1941), பேர் பிரையண்ட் காலத்தில் ஆறு (1961, 1964, 1965, 1973, 1978, 1979), ஜீன் ஸ்டாலிங்ஸ் காலத்தில் ஒன்று (1992), நிக் சேபன் காலத்தில் ஆறு (2009, 2011, 2012, 2015, 2017, 2020).

"உரிமை கொண்டாடுவது" என்று சொல்லக் காரணம் இருக்கிறது. நீண்ட காலம் இந்த விளையாட்டில் இறுதிப் போட்டி என்ற ஒன்றே கிடையாது. பத்திரிகையாளர்களும் பயிற்சியாளர்களும் வாக்களித்தும், சில அமைப்புகள் தாங்களாகக் கணக்குப் போட்டும் முதலிடத்தை அறிவித்தார்கள். அதனால் 1964-இல் வாக்கெடுப்பு முடிந்து பட்டம் கையில் வந்த பிறகு, அலபாமா, பருவத்தின் முடிவில் நடக்கும் சிறப்பு ஆட்டங்களில் ஒன்றான ஆரஞ்சு பௌலில் டெக்சஸிடம் 21-17 எனத் தோற்றது. பட்டம் பட்டமாகவே நின்றது. 1973-இலும் பயிற்சியாளர் வாக்கெடுப்பில் முதலிடம் பெற்ற பிறகு நோட்டர் டேமிடம் 24-23 எனத் தோற்றார்கள். இந்த இரண்டையாவது வாதாடி நிலைநிறுத்தலாம். 1941 பட்டத்துக்கு வலு கிடையாது என்பது என் கருத்து. அந்த ஆண்டு அலபாமா இரண்டு ஆட்டங்களில் தோற்றது. அசோசியேட்டட் பிரஸ் பட்டியலில் அதற்குக் கிடைத்தது 20-ஆவது இடம். அதைக் கணக்கில் சேர்த்திருக்க வேண்டியதில்லை.

முதல் பயிற்சியாளர் யார்?

ஈ. பி. போமான்ட். அணி தொடங்கிய 1892-இல் ஒரே ஒரு பருவம் இருந்தார். இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி. அடுத்து வந்தவர்களில் பலரும் சில ஆண்டுகளில் கிளம்பிவிட்டார்கள். அவர்களில் நினைவில் வைக்க வேண்டியவர் ஸென் ஸ்காட். குதிரைப் பந்தயம் பற்றி எழுதிக்கொண்டிருந்த பத்திரிகையாளர். 1922-இல் பிலடெல்பியாவுக்குப் போய், அன்று பெரிய அணியான பென்சில்வேனியாவை 9-7 என வென்று அலபாமாவை நாட்டுக்கு அறிமுகப்படுத்தினார். புற்றுநோயால் அந்தப் பருவத்தோடு விலகினார், 1924-இல் இறந்துபோனார்.

வாலஸ் வேட் ஏன் முக்கியம்?

தென் மாநிலத்து அணிகளை வடக்கும் மேற்கும் ஒரு பொருட்டாக மதிக்காத காலம் அது. கலிபோர்னியாவில் புத்தாண்டு அன்று நடக்கும் ரோஸ் பௌலுக்குத் தெற்கிலிருந்து போன முதல் அணி வேட்டின் அலபாமா. 1926 ஜனவரி 1 அன்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு எதிராக, பாதி ஆட்டத்தில் 12-0 எனப் பின்தங்கியிருந்தார்கள். மூன்றாவது கால்பகுதியில் மட்டும் 20 புள்ளிகள் எடுத்து, 20-19 என வென்றார்கள். திரும்பி வந்த ரயிலை வழிநெடுக நிலையங்களில் கூட்டம் வரவேற்றது. உள்நாட்டுப் போரில் தோற்ற மனக்காயம் தலைமுறைகள் கடந்தும் ஆறாத பகுதிக்கு அந்த வெற்றி என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதே நேரம், அந்தப் பெருமை வெள்ளைத் தெற்கின் பெருமை. அணியில் கறுப்பின மாணவர் ஒருவரும் இல்லை; பல்கலைக்கழகத்திலேயே அவர்களுக்கு இடமில்லை. இதையும் சேர்த்துத்தான் அந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

1930 பருவம் தொடங்கும் முன்பே, அது முடிந்ததும் விலகுவதாக வேட் சொல்லிவிட்டார். கடைசிப் பருவத்தில் ஓர் ஆட்டமும் தோற்காமல் மூன்றாவது பட்டத்தையும் வென்று டியூக் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

ஃபிராங்க் தாமஸ்?

நோட்டர் டேமில் நியூட் ராக்னியிடம் ஆட்டம் கற்றவர். 1931 முதல் 1946 வரை 115 வெற்றிகள், 24 தோல்விகள், 7 சமநிலைகள். போரால் 1943-இல் அணி இல்லை. கடைசிப் பருவத்தில் ரத்த அழுத்தம் முற்றி நிற்க முடியாமல், ஒரு வண்டியில் இருந்தபடியே பயிற்சி கொடுத்தார். 1934 அணியில் டான் ஹட்சன் என்ற நட்சத்திரம் ஒரு பக்கம் ஆட, மறுபக்கம் ஆடிய பையன் பேர் பிரையண்ட். தாமஸின் மிகப் பெரிய பங்களிப்பு அந்தப் பையன்தான்.

தாமஸுக்கும் பிரையண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது?

ரெட் டிரூ எட்டுப் பருவங்கள் நன்றாகவே நடத்தினார். 1953 ஆரஞ்சு பௌலில் சிராகியூஸை 61-6 என நொறுக்கியது அவருடைய அணி. ஆனால் அவர் காலத்தைப் பற்றி இன்றும் எல்லோரும் பேசுவது 1954 காட்டன் பௌலை. ரைஸ் அணியின் டிக்கி மேகல் பந்தோடு தனியாக ஓடிக்கொண்டிருக்க, அலபாமா வீரர் டாமி லூயிஸ் ஓரத்து இருக்கையிலிருந்து எழுந்து களத்துக்குள் பாய்ந்து அவரைத் தடுத்து விழுத்தினார். நடுவர் ரைஸுக்கு டச் டவுன், அதாவது பந்தை எல்லைக்கோடு வரை கொண்டுபோனால் கிடைக்கும் புள்ளிகளை, கொடுத்துவிட்டார்.

அடுத்து ஜே. பி. விட்வர்த்: மூன்று ஆண்டுகளில் 4 வெற்றி, 24 தோல்வி, 2 சமநிலை. 1955-இல் பத்து ஆட்டம் ஆடிப் பத்திலும் தோல்வி.

பேர் பிரையண்ட் உண்மையிலேயே அவ்வளவு பெரிய ஆளா?

ஆமாம். பிறந்தது 1913-இல், ஆர்கன்சா மாநிலத்தின் மோரோ பாட்டம் என்ற குக்கிராமத்தில். இயற்பெயர் பால். சிறுவனாக இருக்கும்போது ஒரு கரடியோடு மல்லுக்கட்டியதால் "பேர்" என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. மேரிலாண்ட், கென்டக்கி, டெக்சஸ் ஏ அண்ட் எம் மூன்றிலும் பயிற்சியாளராக இருந்துவிட்டு 1958-இல் தான் படித்த இடத்துக்கே திரும்பினார். ஏன் வந்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு, அம்மா கூப்பிட்டாள், வந்தேன் என்ற பொருளில் பதில் சொன்னார். அந்தப் பதிலை அலபாமாவில் இன்றும் சொல்வார்கள்.

பயிற்சித் திடலில் உயரமான கோபுரம் ஒன்றில் ஏறி நின்று பார்ப்பார். ஆட்டத்துக்கு முன் கோல் கம்பத்தில் சாய்ந்து நிற்பார். தலையில் கட்டம் போட்ட தொப்பி. அவர் நடத்திய பயிற்சி கடுமையானது. 1954-இல் டெக்சஸின் ஜங்ஷன் என்ற வறண்ட ஊரில், கொளுத்தும் வெயிலில் அவர் நடத்திய முகாமைப் பாதியில் விட்டு ஓடியவர்கள் ஏராளம். அந்த முகாமைச் சிலர் வீரக்கதையாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. வெயிலில் தண்ணீர் கொடுக்காமல் பையன்களை ஓடவிடுவது உயிரோடு விளையாடுவது.

என்னைக் கவர்வது 1971-இன் பிரையண்ட். அதற்கு முந்தைய இரண்டு பருவங்களும் சுமார்தான். அவர் காலம் முடிந்தது என்று பேச்சு கிளம்பிவிட்டது. வயது 57. அந்தக் கோடையில் டெக்சஸ் பயிற்சியாளர் டாரல் ராயலிடம் விஷ்போன் என்ற ஆட்டமுறையைக் கேட்டுக் கற்றுக்கொண்டார். தாக்குதலை நடத்தும் வீரரான குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் மூன்று ஓட்டக்காரர்களை நிறுத்தி, பந்து யாரிடம் போகிறது என்று எதிரணியைக் குழப்பும் முறை அது. வெளியே மூச்சு விடாமல் பயிற்சி செய்து, முதல் ஆட்டத்தில் லாஸ் ஏஞ்சலஸுக்கே போய் சதர்ன் கலிபோர்னியாவை 17-10 என வென்றார். அடுத்த ஒன்பது ஆண்டுகளில் எட்டு முறை, தென் மாநிலப் பல்கலைக்கழகங்களின் லீகான எஸ்இசியின் பட்டம் அவருடையது.

1981-இல் ஆபர்னை வென்று 315-ஆவது வெற்றியைத் தொட்டு, அதிக வெற்றிகளுக்கான அமோஸ் அலோன்ஸோ ஸ்டாக் என்ற பயிற்சியாளரின் சாதனையைத் தாண்டினார். 1982 டிசம்பரில் கடைசி ஆட்டம். நான்கே வாரத்தில், 1983 ஜனவரி 26 அன்று மாரடைப்பால் காலமானார். மொத்தம் 323 வெற்றிகள். அவற்றில் அலபாமாவுக்காக 232.

கறுப்பின வீரர்களைச் சேர்ப்பதில் பிரையண்ட் தாமதித்தாரா?

தாமதித்தார். இதில் நிறைய கட்டுக்கதை கலந்திருப்பதால் வரிசையாகச் சொல்கிறேன்.

1963 ஜூன் 11 அன்று ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் பல்கலைக்கழக வாசலில் நின்று விவியன் மலோன், ஜேம்ஸ் ஹூட் என்ற இரு கறுப்பின மாணவர்களை மறித்தார். அவர்கள் அன்றே சேர்க்கப்பட்டார்கள். ஆனால் கால்பந்து அணி வெள்ளை அணியாகவே தொடர்ந்தது. 1967 வசந்தகாலப் பயிற்சியில், உதவித்தொகை இல்லாமல் தாங்களாக வந்து முயன்ற கறுப்பின மாணவர்கள் இருந்தார்கள். ஒருவரும் ஆட்டத்தில் இறங்கவில்லை. அதே ஆண்டில் கென்டக்கி, எஸ்இசியின் முதல் கறுப்பின வீரரைக் களமிறக்கிவிட்டது. 1969-இல் கறுப்பின மாணவர் சங்கம் பிரையண்ட் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குப் போட்டது. அந்த ஆண்டு இறுதியில்தான் வில்பர் ஜாக்சன் உதவித்தொகையோடு ஒப்பந்தம் ஆனார்.

இப்போது கட்டுக்கதை. 1970 செப்டம்பரில் சதர்ன் கலிபோர்னியா அணி பர்மிங்காமுக்கு வந்து 42-21 என வென்றது. சாம் கன்னிங்ஹாம் என்ற கறுப்பின வீரர் 135 யார்டு ஓடினார். அதைப் பார்த்துத்தான் அலபாமா மனம் மாறியது என்பார்கள். ஜாக்சன் அதற்கு முன்பே பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டார். முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆட அன்று அனுமதி இல்லாததால் ஆடவில்லை, அவ்வளவுதான். அந்த ஆட்டம் ரசிகர்களின் வாயை அடைக்க உதவியிருக்கலாம். கதவைத் திறந்தது வழக்குத் தொடுத்தவர்களும், அழைப்பே இல்லாமல் பயிற்சிக்கு வந்த அந்த மாணவர்களும். அவர்களுக்குச் சேர வேண்டிய பெருமையை ஒற்றை ஆட்டத்துக்குக் கொடுப்பது நியாயமில்லை.

மாநில அரசியல் பிரையண்டின் கையைக் கட்டியிருந்தது என்று வாதிடுவோர் உண்டு. ஓரளவு உண்மை. ஆனால் அந்த மாநிலத்தில் வாலஸுக்கு நிகரான செல்வாக்கு இருந்த ஒரே மனிதர் அவர்தான். முன்பே பேசியிருக்கலாம்.

பிரையண்டுக்குப் பிறகு வந்தவர்கள் ஏன் நிலைக்கவில்லை?

நிழல் அவ்வளவு பெரியது. பிரையண்டிடம் ஆடிய ரே பெர்கின்ஸ் முதலில் வந்தார். பயிற்சித் திடலின் கோபுரத்தை இறக்கிவைத்தார்; ரசிகர்களுக்கு அதுவே பொறுக்கவில்லை. 1984-இல் 5 வெற்றி, 6 தோல்வி என முடித்தார். நான்கு பருவங்களில் என்எஃப்எல்லுக்குக் கிளம்பிவிட்டார். அடுத்து வந்த பில் கறி 26 ஆட்டங்களில் வென்று பத்தில் மட்டுமே தோற்றார். வேறெங்கும் கொண்டாடியிருப்பார்கள். ஆனால் அவர் வெளியாள், ஜார்ஜியா டெக்கில் படித்தவர். ஆபர்னிடம் மூன்று ஆண்டும் தோற்றார். 1988-இல் ஒரு தோல்விக்குப் பிறகு அவருடைய அலுவலக ஜன்னலில் செங்கல் வந்து விழுந்தது. அடுத்த ஆண்டோடு கென்டக்கிக்குப் போய்விட்டார்.

ஜீன் ஸ்டாலிங்ஸின் வெற்றிக் கணக்கு ஓரிடத்தில் 70, இன்னோரிடத்தில் 62. எது சரி?

களத்தில் வென்றது 70. ஒரு வீரரின் தகுதி விதிமீறலால், பல்கலைக்கழக விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ 1993 பருவத்தின் எட்டு வெற்றிகளைத் தோல்வியாக மாற்றிவிட்டது. அதிகாரப்பூர்வக் கணக்கில் 62.

ஸ்டாலிங்ஸ் ஜங்ஷன் முகாமில் தாக்குப்பிடித்தவர்களில் ஒருவர். பிரையண்டின் உதவியாளராகவும் இருந்தவர். 1992 அணி 13 ஆட்டத்திலும் வென்றது. இறுதியில் எல்லோரும் வெல்லும் என்று நினைத்த மயாமியை 34-13 என அடக்கியது. டவுன் நோய்க்குறியோடு பிறந்த தன் மகனை எங்கும் தன்னோடு அழைத்துப்போய், அத்தகைய குழந்தைகளை ஒளித்து வளர்த்த காலத்தில் ஓர் ஊரின் பார்வையையே மாற்றினார். பட்டத்தைவிட இதற்காக எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஓர் ஆட்டம்கூட நடத்தாமல் போன பயிற்சியாளர் உண்டா?

உண்டு. மைக் பிரைஸ். 2002 டிசம்பரில் நியமனம், தனிப்பட்ட நடத்தை தொடர்பான புகாரால் 2003 மேயில் நீக்கம்.

சில்வெஸ்டர் குரூம் பெயர் ஏன் இந்தப் பட்டியலில் இல்லை?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் பதில் இதுதான். பிரைஸ் போனதும் இடம் காலியானது. குரூம் டஸ்கலூசா ஊர்க்காரர். பிரையண்டிடம் சென்டர் என்ற இடத்தில் ஆடி 1974-இல் நாட்டின் சிறந்த வீரர்கள் பட்டியலில் இடம்பெற்றவர். அங்கேயே பத்தாண்டுக்கு மேல் உதவிப் பயிற்சியாளர், பிறகு என்எஃப்எல் அனுபவம். "பிரையண்டின் பிள்ளை வேண்டும்" என்று அலபாமா இருபது ஆண்டுகளாகத் தேடிய எல்லாமே அவரிடம் இருந்தது. அவர் கறுப்பினத்தவர். வேலை 37 வயது மைக் ஷூலாவுக்குப் போனது. இவரும் அலபாமாவின் பழைய குவார்ட்டர்பேக்தான், ஆனால் தலைமைப் பயிற்சியாளராக இருந்த அனுபவம் அவருக்கும் இல்லை.

அந்த ஆண்டு முடிவதற்குள் மிசிசிப்பி ஸ்டேட் குரூமை அழைத்தது. எஸ்இசியின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 2006-இல் அவர் அணி டஸ்கலூசாவுக்கே வந்து 24-16 என வென்றது. அதே மாதம் ஷூலா நீக்கப்பட்டார். அடுத்த ஆண்டு சேபனையும் 17-12 எனத் தோற்கடித்தார். அலபாமா அணிக்கு இன்றுவரை கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஒருவரும் இருந்ததில்லை.

நிக் சேபன் எப்படி வந்தார்?

மயாமி டால்ஃபின்ஸ் என்ற என்எஃப்எல் அணியின் பயிற்சியாளராக இருந்தபோது, அலபாமாவுக்குப் போக மாட்டேன் என்று 2006 டிசம்பரில் செய்தியாளர்களிடம் சொன்னார். இரண்டு வாரத்தில் டஸ்கலூசாவில் இறங்கினார். எட்டு ஆண்டுகளுக்கு 3 கோடியே 20 லட்சம் டாலர். ஒரு பொதுப் பல்கலைக்கழகம் விளையாட்டுக்கு இவ்வளவு கொடுக்கலாமா என்று அன்று பெரிய விவாதம் எழுந்தது. கடைசி ஆண்டுகளில் அவர் சம்பளம் ஆண்டுக்கு ஒரு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. சுமார் 25 ஆயிரமாக இருந்த மாணவர் எண்ணிக்கை பத்தாண்டுக்குள் 38 ஆயிரத்தை நெருங்கியது, வெளிமாநிலத்தவர் குவிந்தார்கள். அதற்குக் கால்பந்து மட்டும் காரணமில்லை என்றாலும், பல்கலைக்கழகம் போட்ட பணம் திரும்பி வந்துவிட்டது என்றே அங்கே நினைக்கிறார்கள்.

அவருடைய முறை என்ன?

ஸ்கோர் பலகையைப் பார்க்காதே, இப்போது ஆடும் இந்த ஒரு நகர்வை மட்டும் சரியாகச் செய். இதை அவர் "பிராசஸ்" என்பார். மிச்சிகன் ஸ்டேட்டில் இருந்தபோது லயனல் ரோசன் என்ற மனநல மருத்துவரோடு பேசி உருவானது. கேட்க எளிது. முதல் பருவத்திலேயே சிறிய அணியான லூசியானா-மன்ரோவிடம் சொந்த ஊரில் தோற்றுவிட்டு, 7 வெற்றி, 6 தோல்வி என முடித்து, அதையே விடாமல் சொல்லிக்கொண்டிருப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும். இரண்டே ஆண்டில் பட்டம் வந்தது.

பிரையண்டா, சேபனா?

பட்டம் ஆறுக்கு ஆறு. சேபனுக்கு எல்எஸ்யூவில் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) 2003-இல் வென்றதையும் சேர்த்தால் ஏழு. ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் சேபன் பக்கம். பிரையண்டின் காலத்தில் உதவித்தொகை வீரர்களின் எண்ணிக்கைக்கு நீண்ட காலம் இறுக்கமான வரம்பு இல்லை. வேண்டிய அளவு சேர்க்க முடிந்தது. சேபனுக்கு 85 பேர்தான். ஆண்டுதோறும் உதவியாளர்களை வேறு பல்கலைக்கழகங்கள் கொத்திக்கொண்டு போக, புதியவர்களை வைத்தே வென்றார். அவரிடம் வேலை பார்த்த கிர்பி ஸ்மார்ட் ஜார்ஜியாவிலும், ஜிம்போ ஃபிஷர் ஃபுளோரிடா ஸ்டேட்டிலும் தேசியப் பட்டம் வென்றார்கள். தன்னிடம் உதவியாளராக இருந்தவர்களோடு மோதிய முதல் 24 ஆட்டங்களிலும் சேபனே வென்றார். 2021-இல் ஃபிஷர்தான் அதை முறித்தார்.

விஷ்போனுக்கு மாறிய பிரையண்டைப் போலவே சேபனும் மாறினார். வேகமான தாக்குதல் ஆட்டத்தைக் குறைசொல்லிக்கொண்டிருந்தவர், 2014-இல் லேன் கிஃபினை உதவிப் பயிற்சியாளராக அழைத்துவந்து அதே வேகத்தைத் தன் அணிக்கும் கொடுத்தார். அறுபது வயதைத் தாண்டிய பிறகு இது சாதாரணமில்லை.

இப்போது யார்?

கேலன் டிபோர். 2024 ஜனவரி 10 அன்று சேபன் ஓய்வை அறிவித்தார்; இரண்டே நாளில் இவர் நியமனம். தெற்கு டகோட்டாவின் சிறிய கல்லூரியான சூ ஃபால்ஸில் 67 வெற்றி, 3 தோல்வி, அந்தப் பிரிவில் மூன்று தேசியப் பட்டம். பிறகு வாஷிங்டனை இறுதிப் போட்டி வரை கொண்டுபோனவர். அலபாமாவில் முதல் பருவம் 9 வெற்றி, 4 தோல்வி. முதலிடத்தில் இருந்தபோது வாண்டர்பில்ட்டிடம் 40-35 எனத் தோற்றது ஊரை உலுக்கிவிட்டது. பெர்கின்ஸுக்கு நடந்ததை நினைத்தால், இவருக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுப்பதே முறை.

ஒரு பயிற்சியாளரின் முடிவு ஆட்டத்தை மாற்றுவதைப் பார்க்க வேண்டும். எந்த ஆட்டம்?

2018 ஜனவரி 8, ஜார்ஜியாவுக்கு எதிரான இறுதிப் போட்டி. பாதி ஆட்டத்தில் 13-0 எனப் பின்தங்கியிருந்தபோது, இரண்டு ஆண்டுகளாக அணியை நடத்திய ஜேலன் ஹர்ட்ஸை உட்காரவைத்துவிட்டு, முதலாண்டு மாணவர் டூவா டகோவைலோவாவை சேபன் இறக்கினார். கூடுதல் நேரத்தில் டூவா வீசிய 41 யார்டு டச் டவுனோடு 26-23. பார்த்து முடித்ததும் அதே ஆண்டு டிசம்பரில் நடந்த எஸ்இசி இறுதிப் போட்டியையும் பாருங்கள். அதே மைதானம், அதே ஜார்ஜியா. டூவாவுக்குக் காயம்பட, வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகாமல் காத்திருந்த ஹர்ட்ஸ் இறங்கி 35-28 என வென்று கொடுத்தார்.